கல்லறை முழுக்க ஒரே பெயர்: மொச்சிகெம்பா எப்படி டெக்சாஸ் வந்தது?

#1 தென்றல் (சான் அன்டோனியோ)

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு குடும்பத்தோடு பன்னா மரியா போய்வந்தோம். இங்கிருந்து தென்கிழக்கே ஒரு மணி நேரம். வழியெல்லாம் மேய்ச்சல் நிலம், நடுநடுவே எண்ணெய்க் கிணறு. ஊரென்று சொல்ல ஒரு தேவாலயம், பக்கத்தில் கிளை பரப்பி நிற்கும் ஓக் மரங்கள், கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான். அமெரிக்காவிலேயே மிகப் பழைய போலந்துக் குடியேற்றம் இதுதான் என்று பலகை வைத்திருக்கிறார்கள். உள்ளே கருப்பு மாதா என்று அவர்கள் கும்பிடும் அன்னையின் மொசைக் படம் ஒன்று இருக்கிறது. 1966இல் ஜனாதிபதி ஜான்சன் கொடுத்ததாம். சில்லுச் சில்லாக ஒட்டிய அந்தக் கன்னத்துத் தழும்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். திரும்பின பக்கமெல்லாம் மொச்சிகெம்பா (Moczygemba). என் மகள் எண்ண ஆரம்பித்தாள், இருபதைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். என் அலுவலகத்திலும் இதே பெயரில் ஒருவர் இருக்கிறார், எனக்கு இரண்டு மேசை தள்ளி. இந்தப் பெயருக்கு என்ன பொருள்? ஒரே பெயர் ஓர் ஊரில் இப்படி எப்படிக் குவிந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 குமரேசன் வா.

போலந்துப் பெயர் என்றால் கடைசியில் 'ஸ்கி' வர வேண்டும், கோவால்ஸ்கி, லெவாண்டோவ்ஸ்கி மாதிரி. இது அப்படி இல்லையே. நியூயார்க்கில் குடியேறிகளைப் பதிந்த எல்லிஸ் தீவில் இறங்கியபோது அங்கிருந்த குமாஸ்தா வாயில் வந்தபடி எழுதியிருப்பார். பாதி அமெரிக்கர்களின் பெயர் அப்படித்தானே மாறியது?

#3 மீனா ராகவன்

குமரேசன் சார், மன்னிக்கணும், நீங்கள் சொன்ன இரண்டுமே இங்கே பொருந்தாது. முதலில் எல்லிஸ் தீவு. அது திறந்ததே 1892இல். மொச்சிகெம்பாக்கள் வந்தது 1854இல், அதுவும் நியூயார்க் பக்கம் இல்லை, டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு. சரி, எல்லிஸ் தீவு வழியாகவே வந்தவர்களை எடுத்துக்கொண்டாலும், அங்கே அதிகாரிகள் யார் பெயரையும் புதிதாக எழுதவில்லை. பிரேமன், ஹாம்பர்க் மாதிரி கப்பல் புறப்பட்ட இடத்தில் தயாரான பயணிகள் பட்டியல் அவர்கள் கையில் இருக்கும், அதைப் பார்த்து ஆளைச் சரிபார்ப்பார்கள். பெயர் மாறியதெல்லாம் பிற்பாடு, பள்ளிக்கூடத்தில், தொழிற்சாலைச் சம்பள ஏட்டில், பல நேரம் அவரவர் விருப்பத்தில்.

இனி பொருளுக்கு வருவோம். போலந்து மொழியில் 'மொச்சிச்' என்றால் நனைத்தல். 'கெம்பா' என்றால் வாய், அதுவும் மரியாதையான சொல் இல்லை, "வாயை மூடு" என்று அதட்டும்போது வரும் வாய். இரண்டும் சேர்ந்தால் வாய்நனைச்சான். நம்மூரில் "தொண்டையை நனைச்சுக்கிட்டு வர்றேன்" என்பார்களே, அதே பேச்சுதான். இன்றைக்கும் போலந்து மொழியில் இந்தச் சொல்லுக்குக் குடிகாரன் என்றே பொருள்.

எல்லாப் போலந்துப் பெயரும் 'ஸ்கி'யில் முடியாது. 'ஸ்கி' முதலில் ஊரையோ நிலத்தையோ ஒட்டி வந்தது. பட்டப்பெயரே பெயரானது இன்னொரு பெரிய வகை. ஏவல் வினை மாதிரி ஒன்றும் அதன் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லும் சேர்ந்தால் போதும். கொலிவோன்ஸ் என்று ஒரு குடும்பப்பெயர் உண்டு, மீசையை மழி என்று அர்த்தம். பாலிமொங்கா என்றால் மாவை எரி. எப்போதோ ஒரு மில்காரரின் கை தவறியிருக்கும், ஊர் அதை மறக்கவில்லை.

எனக்கு இந்தப் பெயரில் மிகவும் பிடித்தது நடுவில் இருக்கும் 'ம்' தான். போலந்து எழுத்தில் அங்கே 'ம்' கிடையாது. எகரத்துக்கு அடியில் ஒரு சிறு வால் போட்டிருக்கும். அந்த வாலின் பெயர் ஒகோனெக், 'குட்டி வால்' என்றே அர்த்தம். மூக்கால் சொல்லும் எகரம் அது. அடுத்து எந்த வல்லெழுத்து வருகிறதோ, அதற்கு இனமான மெல்லெழுத்தாக மாறிவிடும். நாம் இலக்கண வகுப்பில் படித்த இன எழுத்தேதான். பகரத்துக்கு முன்னால் 'ம்', தகரத்துக்கு முன்னால் 'ந்', ககரத்துக்கு முன்னால் 'ங்'. அதனால் வாய் 'கெம்பா' ஆகிறது, கை 'ரெங்கா' ஆகிறது. எழுதும்போது இரண்டிலும் அதே வால் எகரம். வால் போட வழியில்லாத ஊரில் எழுதுகிறவர் என்ன செய்வார்? காதில் விழுந்த 'ம்'மை எழுதினார். ஆக, டெக்சாஸ் கல்லறையில் நீங்கள் பார்த்த அந்த 'ம்' ஒரு காது கேட்ட சாட்சி.

அதே வட்டாரத்து இன்னொரு பெயரையும் பாருங்கள். போலந்தில் யஷொம்பெக் என்பது ஒரு காட்டுக்கோழி. அங்கே வால் போட்ட அகரம். டெக்சாஸில் அதையும் 'ஓ' எழுத்தும் 'ம்'மும் போட்டு எழுதுகிறார்கள். ராக் இசை கேட்பவர்களுக்கு சான் அன்டோனியோவின் கிதார் கலைஞர் ரான் ஜார்சாம்பெக்கைத் தெரிந்திருக்கும், அதே பெயர்தான்.

#4 தென்றல்

மீனா அக்கா, இன எழுத்துக் கணக்கைப் படித்துச் சிலிர்த்துவிட்டது. பன்னா மரியாவுக்குப் பக்கத்திலேயே செஸ்டோஹோவா என்று ஓர் ஊர்ப்பலகை பார்த்தேன். அது போலந்தின் மாதா கோயில் ஊர்தானே?

#5 மீனா ராகவன்

அதேதான். போலந்தில் சென்ஸ்டொஹோவா. அங்கும் வால் எகரம் உண்டு. ஆனால் டெக்சாஸ்காரர்கள் வாலை மட்டும் வெட்டிவிட்டு 'ன்' சேர்க்காமல் விட்டார்கள், மூக்கொலி போயே போய்விட்டது. மனிதர் பெயரில் தங்கியது, ஊர்ப் பெயரில் தங்கவில்லை. ஒருவரைப் பெயர் சொல்லி நாளுக்குப் பத்துமுறை கூப்பிட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள், ஊரைத் தபால் அலுவலகம் எழுதியது. இது என் ஊகம்தான்.

#6 அருள்ராஜ் (டோர்ட்முண்ட்)

உள்ளே வரலாமா? முப்பது வருஷமாக ஜெர்மனியில் இருக்கிறேன், இந்தச் சைலீசியப் பெயர்களோடு தினமும் புழங்குகிறேன். மொச்சிகெம்பாக்கள் புறப்பட்ட வட்டாரம்தான் சைலீசியா.

ஏன் போனார்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கதை நிறையாது. லெயோபோல்ட் மொச்சிகெம்பா என்ற பாதிரியார் 1824இல் மேல் சைலீசியாவில் புவுஷ்னிட்சா என்ற கிராமத்தில் பிறந்தவர். இன்றைக்கு அது போலந்தின் ஒபோலே வட்டாரம், அப்போது பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசின் ஆட்சி. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து 1852இல் டெக்சாஸ் போனார், அங்கிருந்த ஜெர்மானியக் குடியேறிகளுக்குப் பூசை வைக்க. போன இடத்திலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினார், நிலம் கிடக்கிறது வாருங்கள் என்று.

கடிதம் வந்த நேரத்தைப் பாருங்கள். 1847, 48இல் மேல் சைலீசியாவில் பஞ்சமும் டைபஸ் காய்ச்சலும் கொள்ளை கொண்டுபோயின. அதை விசாரிக்க அரசு அனுப்பிய இளம் மருத்துவர் ருடோல்ஃப் விர்ஹோ, வறுமைதான் நோய்க்கு வேர் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். பிறகு கிரிமியப் போர் தொடங்கித் தானிய விலை ஏறியது. 1854இல் ஓடர் ஆற்றில் வெள்ளம் வந்து விளைச்சலை அடித்துக்கொண்டு போனது. இளைஞர்களுக்குப் பிரஷ்யப் பட்டாளத்தில் கட்டாயச் சேவை வேறு. இருந்த துண்டு நிலத்தை விற்றால் கப்பல் கூலிக்கு ஆகும், டெக்சாஸில் அதைவிடப் பெரிய நிலம் கிடைக்கும். நம் ஆளே, நம் ஊர்ப் பாதிரியாரே எழுதியிருக்கிறார். வேறென்ன வேண்டும்?

பிரேமனிலிருந்து கப்பலேறி 1854 டிசம்பர் 3 அன்று கால்வெஸ்டனில் இறங்கினார்கள். லெயோபோல்டின் சகோதரர்களும் அதில் இருந்தார்கள். மூன்று வாரம் நடை. இறகுப் படுக்கை, கலப்பை, ஊர்த் தேவாலயத்துக்கென்று கொண்டுவந்த சிலுவை எல்லாவற்றோடும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான் அன்டோனியோ ஆறும் சிபோலோ ஓடையும் கூடும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வீடு கிடையாது, கூரை கிடையாது. அன்று நள்ளிரவுப் பூசை ஓக் மரத்தடியில் நடந்தது. தென்றல், நீங்கள் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

#7 குமரேசன் வா.

மீனா மேடம், திருத்தியதற்கு நன்றி. எல்லிஸ் தீவுக் கதையை நான் இத்தனை நாள் உண்மை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். குடிகாரன் என்று பொருள் வரும் பெயரை ஒரு பாதிரியார் குடும்பம் ஏன் வைத்துக்கொண்டிருந்தது? மாற்றிக்கொள்ளலாமே?

#8 அருள்ராஜ் (டோர்ட்முண்ட்)

நாலைந்து தலைமுறை கழிந்தால் பெயரில் இருக்கும் வசவு மரத்துப்போய்விடும் சார். கூப்பிடுகிற ஒலி மட்டும் நிற்கும். உள்ளூரில் ஒருவேளை கேலி இருந்திருக்கலாம். ஆனால் எல்லோருக்குமே இப்படி ஒரு பெயர் இருந்தால் யார் யாரைக் கேலி செய்ய?

இதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. டெக்சாஸ் போனவர்களின் பெயர் அப்படியே நின்றது. சைலீசியாவிலேயே இருந்துவிட்டவர்களின் பெயரைத்தான் ஆள் மாற்றி ஆள் பிடித்துத் திருகினார்கள். 1874இல் பிரஷ்யாவில் அரசுப் பதிவகம் வந்தது. அதுவரை பாதிரியாரின் ஏட்டில் எழுதிய பெயரை இனி ஜெர்மன் குமாஸ்தா எழுதினார். 'ச்' ஒலிக்கு ஜெர்மன் எழுத்துக்கூட்டு, வாலுக்குப் பதில் 'ம்'. ஜெர்மனியில் இன்றும் மொட்சிகெம்பா என்று வாசிக்கும்படி எழுதுகிறவர்கள் உண்டு. பிறகு நாஜி ஆட்சி வந்தது. போலந்து வாடை அடிக்கும் பெயரை மாற்றிக்கொள் என்று மேல் சைலீசியாவில் நெருக்கினார்கள். நிறையப் பேர் புத்தம்புது ஜெர்மன் பெயர் எடுத்துக்கொண்டார்கள். 1945இல் எல்லை நகர்ந்து போலந்து அரசு வந்ததும் எதிர்த்திசையில் அதே வேலை, ஜெர்மன் வாடை அடிக்கும் பெயரைப் போலந்துப் பெயராக்கு என்று. ஒரே மனிதர், ஒரே வீடு, கல்யாணப் பத்திரத்தில் ஒரு பெயர், மகன் பள்ளிச் சான்றில் ஒரு பெயர், சாவுச் சான்றில் ஒரு பெயர்.

ஆனால் டெக்சாஸில் இந்தப் பெயருக்குப் பொருள் தெரிந்த அதிகாரி ஒருவரும் இல்லை. அதனால் யாரும் அதைத் தொடவில்லை. ஒன்றும் புரியாத இடத்தில்தான் அந்தப் பெயர் பிழைத்தது.

#9 பிரபு_வரலாறு

நல்ல இழை. ஆனால் ஒரு மறுப்பு. இதைப் "போலந்துக் குடும்பப்பெயர்" என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள். சைலீசியா 14ஆம் நூற்றாண்டிலேயே போலந்து அரசின் கையைவிட்டுப் போய்விட்டது. பொகீமியா, ஆஸ்திரியா, பிரஷ்யா என்று கை மாறியது. 1854இல் கப்பலேறியவர்கள் பிரஷ்யக் குடிமக்கள். இன்றைக்கு அங்கே நாங்கள் சைலீசியர், போலந்துக்காரர் இல்லை என்று சொல்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களை இப்படி ஒரே வரியில் போலந்துக் கணக்கில் சேர்க்கலாமா?

#10 மீனா ராகவன்

பிரபு தம்பி, நியாயமான கேள்வி. நான் பெயரைப் பேசினேன், குடியுரிமையை இல்லை. மொச்சிகெம்பா என்ற சொல்லைக் கிராக்கோவில் சொன்னாலும் புரியும், ஒபோலேயில் சொன்னாலும் புரியும். அந்த அளவில் அது போலந்து மொழிச்சொல் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் போனவர்கள் பேசியது சைலீசியப் பேச்சுதான், அது டெக்சாஸில் தனியாகவே வாழ்ந்தது. விமானத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃபுர்கோச்', பறப்பது என்ற நாட்டுப்புறச் சொல்லிலிருந்து. தாய்நாட்டுப் போலந்து மொழியில் வேறு சொல். சைலீசியாவில் பார்த்தே இராத சலங்கைப் பாம்புக்கு அதன் சத்தத்தை வைத்துப் பெயர் கட்டிக்கொண்டார்கள். 1854க்குப் பிறகு சைலீசியப் பேச்சில் புகுந்த ஜெர்மன் சொற்கள் இவர்கள் பேச்சில் கிடையாது. அதனால் போலந்து மொழியியலாளர்கள் அங்கே போய்ப் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள்.

அவர்களை என்னவென்று அழைப்பது என்பதை அவர்களே காட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஊருக்குப் பன்னா மரியா, கன்னி மரியாள், என்று பெயர் வைத்தார்கள். அடுத்து வைத்த ஊர்ப் பெயர்களில் ஒன்று போலந்தின் விடுதலை வீரர் கோஷ்சியூஷ்கோவின் பெயர், இன்னொன்று சென்ஸ்டொஹோவா. போலந்து அரசின் நிழலே படாத மக்கள் ஐந்தாறு நூற்றாண்டுக்குப் பின் தாங்களாகத் தேர்ந்தெடுத்த பெயர்கள்.

#11 பிரபு_வரலாறு

ஊர்ப் பெயர்களைப் பாதிரியார்கள் வைத்திருக்கலாம். 1866க்குப் பிறகு அங்கே வந்த பாதிரியார்கள் சைலீசியாவுக்கு வெளியே இருந்து வந்தவர்கள், போலந்து தேச உணர்வு அவர்களோடு வந்தது. ஆனால் பன்னா மரியா என்ற பெயருக்கு நீங்கள் சொல்வது சரி. சைலீசியப் பெயர் என்றும் போலந்து மொழிப் பெயர் என்றும் சேர்த்தே எழுதுங்கள், எனக்கு அது போதும்.

#12 மீனா ராகவன்

ஒப்புக்கொள்கிறேன். சேர்த்தே எழுதுவோம்.

#13 செல்வி அக்கா (சிகாகோ)

இழையை ஓரமாக இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மருமகள் வீட்டுப் பெயர் நோவாக். அவள் வயிற்றில் இப்போது குழந்தை. பிறக்கும் முன் அம்மா வழிக் கிளையையும் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவள் கொள்ளுத்தாத்தா போலந்திலிருந்து வந்தவர் என்பது மட்டும் தெரியும். எங்கே தொடங்குவது?

#14 மீனா ராகவன்

செல்வி அக்கா, வாழ்த்துகள்! நோவாக் மொச்சிகெம்பாவுக்கு நேரெதிர். போலந்தில் முதலிடத்தில் இருக்கும் குடும்பப்பெயர், ஏறத்தாழ 2 லட்சம் பேர். 'புதியவன்' என்று பொருள். ஊருக்குப் புதிதாக வந்த குடியானவன், புதிதாக மதம் மாறியவன், புதுப் பட்டாளத்துக்காரன், யாரும் நோவாக் ஆகலாம். அதனால் ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்த பெயர் அது. செக் நாட்டிலும் ஸ்லோவேனியாவிலும் கூட இதன் உறவுப் பெயரே முதலிடம். கிழக்கு ஜெர்மனியில் நோவாக்கே குறுகி நோவக், நோக் என்றெல்லாம் நிற்கிறது.

எவ்வளவு பரவலான பெயர் என்பதற்கு ஒரு சாட்சி. இரண்டாம் உலகப்போரில் வார்சாவுக்கும் லண்டனுக்கும் இடையே ரகசியச் செய்தி சுமந்த ஸ்ஜிஸ்வாவ் யெசியொரான்ஸ்கி, தனக்கு வைத்துக்கொண்ட மறைபெயர் யான் நோவாக். கூட்டத்தில் கரைய அதைவிட நல்ல பெயர் கிடையாது. அந்தப் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1952 முதல் 1976 வரை சுதந்திர ஐரோப்பா வானொலியின் போலந்துப் பிரிவை நடத்தியபோதும் அவர் யான் நோவாக்தான்.

அதனால் பெயரைத் தேடாதீர்கள் அக்கா, ஊரைத் தேடுங்கள். சிகாகோவில் எந்தப் போலந்துத் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது என்று பாருங்கள். கல்யாண ஏட்டில் பிறந்த கிராமம் பல நேரம் இருக்கும். கிராமம் தெரிந்தால் அது போலந்தைப் பங்குபோட்டுக்கொண்ட மூன்று பேரரசில் எதன் கையில் இருந்தது என்று தெரியும். ரஷ்யப் பகுதியானால் 1868 முதல் ஏடுகள் ரஷ்ய எழுத்தில் இருக்கும். ஆஸ்திரியப் பகுதியானால் லத்தீன், பிரஷ்யப் பகுதியானால் ஜெர்மனும் லத்தீனும். பழைய ஏட்டில் அவள் பாட்டி நோவாகோவா என்று இருந்தால் நோவாக்கின் மனைவி, நோவாகுவ்னா என்று இருந்தால் நோவாக்கின் மகள். இதை வேறு குடும்பம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும். போலந்துப் பெயர் வேற்றுமை உருபு ஏற்கும். மரம் என்பது மரத்தின் என்று ஆவது போல மொச்சிகெம்பா என்பது ஏட்டில் மொச்சிகெம்பி என்று இருக்கும், 'மொச்சிகெம்பாவின் மகன்' என்று சொல்லும் இடத்தில். புதுப் பெயர் இல்லை அது.

#15 செல்வி அக்கா (சிகாகோ)

நோவாகுவ்னா! மருமகளிடம் இருக்கும் பழைய ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. நாங்கள் அதை வேறு யாரோ கொடுத்தது என்று நினைத்தோம். கை நடுங்குகிறது மீனா. நாளைக்கே தேவாலயத்துக்குப் போகிறேன்.

#16 குமரேசன் வா.

அந்தப் பாதிரியார் கடைசியில் என்ன ஆனார்? கல்லறை அங்கேதானா?

#17 அருள்ராஜ் (டோர்ட்முண்ட்)

அது சோகமான பகுதி சார். வந்தவர்களுக்கு முதலில் பாம்பும் காய்ச்சலும், 1856இல் கொடும் வறட்சியும். நம்பி வந்த மக்கள் அவர் மேலேயே திரும்பினார்கள். அந்த வருஷமே அவர் பன்னா மரியாவை விட்டுப் போக வேண்டியதாயிற்று. பிறகு வடக்கே உழைத்தார். 1873இல் தொடங்கிய போலந்து ரோமன் கத்தோலிக்க ஒன்றியத்தை நிறுவியவர்களில் அவர் ஒருவர், டெட்ராய்ட்டில் போலந்துக் குருமடம் எழவும் பாடுபட்டார். 1891இல் டெட்ராய்ட்டில் இறந்தார், அங்கேயே புதைத்தார்கள்.

83 வருஷம் கழித்து, 1974இல், டெக்சாஸ் மக்கள் அவர் எலும்புகளைக் கொண்டுவந்து பன்னா மரியாவில் ஓக் மரத்தடியில் புதைத்தார்கள். கொண்டுவந்தது அவரைத் துரத்தியவர்களின் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள். இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.

#18 தென்றல்

மூன்று நாளாக எழுத நேரமில்லை. திங்கட்கிழமை என் சக ஊழியரோடு சாப்பிட உட்கார்ந்தேன். பொருளைச் சொல்வதா வேண்டாமா என்று ஒரே தயக்கம். பன்னா மரியா போய்வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அவரே ஆரம்பித்துவிட்டார். "பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்க வந்தாயா? குடிகாரன். என் பாட்டி எட்டு வயதில் சொன்னாள். சொல்லிவிட்டு, இந்தப் பெயரோடு ஒரு துளி குடித்தாலும் ஊர் சிரிக்கும் என்றாள்" என்றார். அவர் குடிப்பதில்லை, எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு கைபேசியில் அவர் தாத்தாவும் தாத்தாவின் தம்பியும் நிற்கும் ஒரு படம் காட்டினார். இருவரும் கூடப்பிறந்தவர்கள். ஆனால் தம்பி வீட்டார் பெயரில் நடுவே 'சி' எழுத்து இல்லை, வெறும் 'இசட்' மட்டும். யாரோ ஒரு காலத்தில் விட்டுவிட்டார்கள், அப்படியே நின்றுவிட்டது. கல்யாண அழைப்பிதழில் இரண்டு விதமாகவும் வருமாம். வெளியூர்க்காரர்கள் இரண்டு குடும்பம் என்று நினைப்பார்களாம்.

நான் ஒரு தாளில் பெயரை எழுதி, எகரத்துக்கு அடியில் மீனா அக்கா சொன்ன வாலைப் போட்டு, 'ம்'மை அடித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "இதை நான் இதுவரை பார்த்ததே இல்லை" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மீனா அக்கா, புவுஷ்னிட்சா ஏடுகளை அவர் பார்க்க விரும்புகிறார். எங்கே கேட்பது?

#19 மீனா ராகவன்

பழைய ஞானஸ்நான ஏடுகள் பங்குத் தேவாலயத்திலோ ஒபோலே மறைமாவட்ட ஆவணக்காப்பகத்திலோ இருக்கும், 1874க்குப் பிந்தைய அரசுப் பதிவுகளுக்கு ஒபோலே அரசு ஆவணக்காப்பகத்தைக் கேளுங்கள். கடிதத்தைப் போலந்து மொழியில் எழுதித் தருகிறேன். அவர் தாத்தாவின் பெயர், ஊர், வருஷம் மூன்றையும் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே பொதுவில் போட வேண்டாம். தேடும்போது 'ச்' வடிவம், 'ட்ஸ்' வடிவம், வால் உள்ளது, 'ம்' உள்ளது, 'சி' விட்டுப்போனது என்று ஐந்தையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.